சிகாகோவின் இரு வளாகங்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சுவடிவம்)



சர்வகலாசாலைக் கட்டடங்களைப் பற்றிப் பேச எழுகின்றவர்கள் அவற்றின் முகப்பின் கம்பீரத்தையும், மண்டபங்களின் விஸ்தாரத்தையும், தூண்களின் வரிசையையும் வர்ணித்து அமர்ந்துவிடுவது நெடுநாளைய சம்பிரதாயம். அக்கட்டடங்கள் எழும்புவதற்கு முன் அந்நிலத்தில் குடியிருந்தவர் யார், அவர்கள் எங்கே போனார்கள், கட்டடங்கள் எழும்பிய பின் சுற்றிலும் எஞ்சிய தெருக்களுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் கட்டடக்கலையைச் சேர்ந்தவை அல்ல, சமூக சாஸ்திரத்தைச் சேர்ந்தவை என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. இந்தப் பாகுபாட்டை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு வளாகத்தை வரைகின்ற கை அதன் எல்லைக்கோட்டையும் சேர்த்தே வரைகின்றது; ஆகவே, அக்கோட்டுக்கு உட்புறம் விளைந்த சௌந்தரியத்துக்காகப் புகழ்பெறும் கலைஞன், வெளிப்புறம் விளைந்ததற்கும் ஓரளவேனும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே இன்று இச்சபையில் நான் நிறுவ விரும்பும் கருத்து.

இதற்கு ஆதாரமாக அமெரிக்காவின் சிகாகோ நகரத்திலுள்ள இரு வளாகங்களை எடுத்துக்கொள்கிறேன். நகரின் தென்பகுதியிலுள்ள இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒன்று. நகர மையத்துக்கு மேற்கே சற்றுத் தொலைவிலுள்ள இல்லினாய்ஸ் சர்வகலாசாலையின் சிகாகோ வளாகம் மற்றொன்று. நவீனக் கட்டடக்கலை என்று பெயர் பெற்ற இயக்கம், பழைய கோதிக் கோபுரங்களையும் கிரேக்கத் தூண்களையும் துறந்து, எஃகும் கண்ணாடியும் காங்கிரீட்டுமே தன் மொழி என்று அறிவித்துக்கொண்ட காலத்தில், அதன் தலைசிறந்த கரங்கள் கால் நூற்றாண்டு இடைவெளியில் ஒரே நகரத்தில் இவ்விரண்டையும் வகுத்தன. இரண்டுமே, ஜனங்கள் நெருங்கி வாழ்ந்த பேட்டைகளை அகற்றிவிட்டு அவ்விடத்தில் எழுந்தவை.

முதலாவது வளாகத்தின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறைச்சி வியாபாரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய பிலிப் ஆர்மரின் கொடையால் 1893ஆம் ஆண்டில் வகுப்புகளைத் தொடங்கிய ஆர்மர் கலாசாலை, 1940ஆம் ஆண்டில் லூயிஸ் கலாசாலையோடு இணைந்து இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஆயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, அதாவது 1938ஆம் ஆண்டிலேயே, அதன் கட்டடக்கலைத் துறைக்குத் தலைவராக ஒரு ஜெர்மானியர் வந்து சேர்ந்திருந்தார். ஆகன் நகரத்துக் கல்தச்சர் ஒருவரின் மகனாக 1886ஆம் ஆண்டில் பிறந்து, கட்டடக்கலையில் பட்டம் எதுவும் பெறாமலேயே ஐரோப்பாவின் முதல்வரிசைக் கட்டடக்கலைஞராக உயர்ந்து, பௌஹௌஸ் கலைப்பள்ளியின் கடைசித் தலைவராயிருந்து, நாஜிகளின் நெருக்குதலால் 1933ஆம் ஆண்டில் அதை மூடநேர்ந்த மீஸ் வான் டெர் ரோஹ என்பவரே அவர். பாடம் சொல்ல வந்தவரிடம் வளாகம் முழுவதையும் வகுக்கும் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. தம் வாழ்நாளில் அத்தகைய பரந்த நிலப்பரப்பை அதற்குமுன் அவர் கையாண்டதில்லை.

அவர் முதலில் செய்தது, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் நிலம் முழுவதன்மீதும் இருபத்துநான்கு அடிச் சதுரங்களாலான ஒரு கட்டத்தை விரித்தது. வகுப்பறை, வரைபடக் கூடம், ஆராய்ச்சிச்சாலை ஆகிய எல்லாவற்றின் அளவும் அந்தச் சதுரத்தின் மடங்காக அமைந்தால், இன்று கட்டுவதும் முப்பது ஆண்டுக்குப் பின் வேறொருவர் கட்டுவதும் தம்முள் இசைந்து நிற்கும் என்பது அவர் எண்ணம். கட்டடங்கள் ஒன்றையொன்று நேருக்குநேர் நோக்காமல் சற்றுச் சறுக்கி நின்றன. ஆதலால் நடப்பவன் ஒரு முற்றத்திலிருந்து மற்றொன்றுக்குத் தடையின்றி வழுவிச் செல்வான், எங்கும் அடைபட்டதாக உணரமாட்டான். கருவண்ணம் பூசிய எஃகுச் சட்டம், அதனிடையே இளமஞ்சள் செங்கல், அதற்குமேல் கண்ணாடி. அலங்காரம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆல்பிரெட் கால்டுவெல் என்னும் நிலவனப்புக் கலைஞர் வைத்த மரங்கள் சிறுசிறு இலைகளின் ஊடே வெயிலைச் சல்லடையிட்டு இறக்குகின்றன. 1943ஆம் ஆண்டில் கனிமங்களுக்கும் உலோகங்களுக்குமான ஆராய்ச்சிக் கட்டடத்தோடு தொடங்கிய இவ்வேலை, 1958ஆம் ஆண்டில் மீஸ் ஓய்வு பெறும்வரை நீடித்து, ஏறக்குறைய இருபது கட்டடங்களை அளித்தது.

இக்கட்டடங்களில் ஒரு மூலையைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். பல மாடிகளைத் தாங்கும் எஃகுத் தூண்களை, நெருப்பு நேர்ந்தால் இளகிவிடாதபடி காங்கிரீட்டால் போர்த்தவேண்டும் என்பது சிகாகோ நகரத்தின் தீத்தடுப்பு விதி. கட்டடத்தைத் தாங்குவது எதுவோ அது வெளியே தெரியவேண்டும் என்பது மீஸின் நியமம். விதியும் நியமமும் மோதிய இடத்தில், 1946ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பழைய மாணவர் நினைவு மண்டபத்தில், அவர் ஒரு யுக்தி கண்டார். சுமைதாங்கும் தூணை விதிப்படி காங்கிரீட்டுக்குள் பொதிந்தார். அதன்மேல், சுமை எதையும் தாங்காத எஃகுத் தகடுகளையும் விட்டங்களையும் பற்றவைத்து, உள்ளே நிற்பது இன்னது என்பதை வெளியே அறிவிக்கச் செய்தார். அந்த வெளிப்புற எஃகு தரையைத் தொடுவதற்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. தான் சுமைதாங்கி அன்று, சுமைதாங்கியின் பிரதிநிதி மாத்திரமே என்பதை அது ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறது. உலகமெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் இந்த மூலையை இன்றளவும் வரைந்து பழகுகிறார்கள். ஒரு சுவரின் மூலையில் சத்தியத்துக்கு இவ்வளவு மரியாதை செலுத்திய கலைஞரை நான் மனமார வணங்குகிறேன். அவ்வளவு நுண்மையான மனச்சாட்சி தெருவின் மூலைக்கு ஏன் எட்டவில்லை என்று கேட்கவும் செய்கிறேன்.

இந்த வளாகத்தைக் கேலி செய்தவர்களும் உண்டு. அதன் கொதிகலன் சாலை கோயில்போலவும், அதன் சிறு தேவாலயம் கொதிகலன் சாலைபோலவும் காட்சியளிப்பதாக விமர்சகர் சார்லஸ் ஜெங்க்ஸ் 1977ஆம் ஆண்டில் எழுதிச் சிரித்தார். சிரிப்புக்கு இடமுண்டு என்றாலும், என் குறை அதுவன்று. தேவாலயம் எப்படித் தோன்றினாலும் தொழுபவருக்கு வழியுண்டு. வீடு போனவருக்கு வழி என்ன என்பதே கேள்வி.

அந்த வளாகம் பரந்த நிலம் வெற்று நிலமன்று. பிரான்ஸ்வில் என்று பின்னாளில் வழங்கலாயிற்று அந்தப் பிரதேசம். அமெரிக்காவின் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளையும் கொடுமைகளையும் விட்டு, முதல் உலக யுத்தக் காலந்தொட்டு லட்சக்கணக்கில் வடக்கே வந்த கறுப்பின மக்களின் நகரத்துக்குள் நகரம் அது. பத்திரிகை, பாங்கு, இன்சூரன்ஸ் கம்பெனி, நாடகக் கொட்டகை, ஜாஸ் இசை அரங்கு அனைத்தும் அவர்களுடையவையாக அங்கே இருந்தன. அங்கே நெருக்கம் மிகுந்ததற்கும் காரணம் அவர்களல்லர். மற்றப் பேட்டைகளில் வெள்ளையர்கள் தம் வீட்டுப் பத்திரங்களிலேயே, கறுப்பருக்கு விற்பதில்லை, குடிவைப்பதில்லை என்று நிபந்தனை எழுதிக்கொண்டிருந்தனர். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948ஆம் ஆண்டில்தான். வெளியேற வழியடைத்துவிட்டு, உள்ளே கூட்டம் மிகுந்துவிட்டது என்று கூறி, அந்த இடத்தைச் சேரி என்று பிரகடனம் செய்து இடிப்பது எத்தகைய நியாயம் என்பதைச் சபையோர் சிந்திக்கவேண்டும்.

ஸ்டேட் தெருவும் முப்பத்துநான்காவது தெருவும் சந்திக்குமிடத்தில் மெக்கா என்று பெயர் கொண்ட ஒரு பெருங்கட்டடம் இருந்தது. 1893ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சிக்கு வரும் விருந்தினரைக் கருதி, அதற்கு முந்தின ஆண்டில் எட்புரூக், பர்னம் என்னும் கட்டடக்கலைஞர்கள் அமைத்தது அது. கண்காட்சியை வகுத்துப் புகழடைந்த டானியல் பர்னம் வேறு, இவர் வேறு. நான்கு மாடி, நூற்றுக்குச் சற்றுக் குறைவான குடியிருப்புகள். அதன் விசேஷம் அதன் இரு நீண்ட உள்முற்றங்கள்: மேலே கண்ணாடிக் கூரை, சுற்றிலும் பூவேலைப்பாடமைந்த இரும்புக் கைப்பிடிகளோடு கூடிய நடைகள், ஒவ்வொரு வீட்டுக் கதவும் அந்நடையில் திறக்கும் அமைப்பு. நாற்கட்டு முற்றங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதன் சுகத்தை விவரித்துச் சொல்லவேண்டியதில்லை. தொடக்கத்தில் வெள்ளையர் மட்டுமே குடியிருந்த அவ்விடத்தில் 1910க்குப் பிந்திய ஆண்டுகளில் கறுப்பினக் குடும்பங்கள் குடியேறின. 1924ஆம் ஆண்டில் அக்கட்டடத்தின் பெயரிலேயே ஒரு புளூஸ் பாட்டு இசைத்தட்டாக வெளிவந்தது என்றால், அது நகரத்தின் வாழ்வில் பெற்றிருந்த இடத்தை உணரலாம்.

ஆர்மர் கலாசாலை 1938ஆம் ஆண்டில், மீஸ் வந்து சேர்ந்த அதே ஆண்டில், மெக்காவை விலைக்கு வாங்கியது. குடியிருப்பதற்கு அன்று, இடிப்பதற்கு. ஆயினும் குடியிருந்தோர் எளிதில் வெளியேறவில்லை. யுத்தக் காலத்தில் நகரமெங்கும் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது அவர்களை வெளியே தள்ளுவதற்கு அரசியலாரும் துணியவில்லை. அவர்கள் கூட்டம் கூடினர், மனுச் செய்தனர், சட்டசபையின் கதவைத் தட்டினர். 1943ஆம் ஆண்டில் கிறிஸ்டபர் விம்பிஷ் என்னும் கறுப்பினச் செனட்டர் அக்கட்டடத்தைக் காப்பதற்காகவே கொண்டுவந்த மசோதா சட்டசபையில் நிறைவேறியது; கவர்னர் டுவைட் கிரீன் அதை ரத்துச் செய்தார். அதற்குப் பின்னும் சுமார் எட்டாண்டுக் காலம் மெக்கா நின்றது. இடிக்கப்போகும் கட்டடத்துக்குப் பழுதுபார்ப்பு எதற்கு என்று உடைமையாளர் இருந்துவிட்டமையால், கண்ணாடிக் கூரை உடைந்தது, படிகள் தேய்ந்தன, குப்பை குவிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் நெருங்கிக் கிடந்தனர். 1950ஆம் ஆண்டில் ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில் ஜான் பார்ட்லோ மார்ட்டின் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அக்கட்டுரையைப் படித்தவர்கள் மெக்காவின் இழிநிலையைக் கண்டு திகைத்தார்களேயன்றி, அந்த இழிநிலையை உண்டாக்கியவர் யார் என்று கேட்டதாகத் தெரியவில்லை. 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது தரைமட்டமாயிற்று.

அந்த நிலத்தில்தான் மீஸின் தலைசிறந்த படைப்பு என்று அவரே மதித்ததும், உலகம் மதிப்பதுமான கிரவுன் மண்டபம் எழுந்தது. 1956ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற இது, கட்டடக்கலைத் துறைக்கென்றே அமைந்தது. நூற்றிருபது அடி அகலம், இருநூற்றிருபது அடி நீளம், பதினெட்டு அடி உயரம் கொண்ட ஒரே கூடம். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. அறுபது அடிக்கு ஒன்றாக நான்கு பெரும் எஃகு உத்திரங்கள் கூரைக்கு மேலே ஆகாயத்தில் கிடந்து, கூரையைக் கீழே தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சாதாரணக் கட்டடங்களில் கூரைக்குள் ஒளிந்திருப்பது இங்கே வெட்டவெளியில் நின்று தன் வேலையைச் செய்கிறது. தரை நிலத்திலிருந்து ஆறடி உயர்த்தப்பட்டு, படிகளும் இடையே மிதப்பதுபோன்ற ஒரு மேடையும் அதற்கு வழிகாட்டுகின்றன. சுவர்களின் கீழ்ப்பகுதியில் மங்கலான கண்ணாடி, மேற்பகுதியில் தெளிந்த கண்ணாடி. ஆதலால் உள்ளே அமர்ந்து வரைகின்ற மாணவனின் கண்ணுக்குத் தெருவும் தெருவில் நடப்போரும் படுவதில்லை, மரத்தின் உச்சியும் வானமும் மட்டுமே படும். முதலாண்டு மாணவனும் இறுதியாண்டு மாணவனும் ஒரே கூடத்தில் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்தபடி கற்கிறார்கள். குருகுல வாசத்தின் நவீன உருவம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. கீழ்த்தளத்து நிலவறையில் இடம் ஒதுக்கப்பட்ட வடிவமைப்புத் துறையினர் இவ்வளவு உற்சாகம் கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

இந்தக் கழகத்திலிருந்து உலகத்துக்குக் கிடைத்தவை சாமானியமானவை அல்ல. டாக்காவில் பிறந்து, சிகாகோவில் பணியாற்றி, இக்கழகத்தில் போதித்தும் வந்த ஃபஸ்லுர் கான், உயர்ந்த கட்டடங்களைக் குழாய்போன்ற வெளிச்சட்டத்தால் நிறுத்தும் முறையை வகுத்து ஹான்காக் மையத்தையும் சியர்ஸ் கோபுரத்தையும் சாத்தியமாக்கினார். வளாகத்தின் ஒழுங்கே பாடமாக அமைந்த இடத்தில் அத்தகைய சிந்தனைகள் செழித்தமையில் வியப்பில்லை. எனினும், மெக்காவும் ஒரு பெரிய பொதுக்கூடத்தைச் சுற்றியே அமைந்திருந்தது என்பதையும், அக்கூடத்துக்கும் வானத்திலிருந்து ஒளி இறங்கியது என்பதையும், பலர் ஒருவரையொருவர் பார்த்தபடி வாழ்வதற்கு அது இடம் கொடுத்தது என்பதையும் நினைக்கும்போது, ஒரே நிலத்தில் ஒன்றை அழித்து ஒன்றை நிறுவியதற்குக் கலையின் தேவை எதுவும் காரணமாயிருக்கவில்லை என்றே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரான கவி குவென்டலின் புரூக்ஸ், இளமையில் மெக்காவில் ஒருவரிடம் வேலை பார்த்தவர். 1968ஆம் ஆண்டில் அந்த இல்லத்தின் பெயரைத் தாங்கிய நெடுங்கவிதையைத் தந்தார். கிரவுன் மண்டபத்தைப் பற்றிய நூல்கள் நெடுங்காலம் அக்கவிதையைக் கண்டுகொள்ளவில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஜனங்களை அகற்றியவர்கள் கழகத்தின் நிர்வாகிகளும் சட்டம் இயற்றியவர்களும்தாமே, எஃகும் கண்ணாடியும் என்ன செய்யும் என்று கேட்கலாம். ஆட்சேபத்தில் உண்மை உண்டு. அதே நகரத்தில் கோதிக் கோபுரங்களோடு விளங்கும் சிகாகோ சர்வகலாசாலை, 1950களில் தன் ஹைடு பார்க் சுற்றுப்புறத்தைப் புதுப்பிப்பதற்கென்று ஆயிரக்கணக்கானோரை வெளியேறச் செய்ததற்கு அதன் கோதிக் வளைவுகள் தடையாக நிற்கவில்லை. மறுபுறம், வெனிசுவேலாவின் காரகாஸ் நகரத்தில் கார்லோஸ் ராவுல் வில்லானுவேவா பழைய கரும்புத் தோட்டமொன்றில் அமைத்த நவீன வளாகம், வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற மூடுநடைகளோடும், சிற்பி அலெக்சாண்டர் கால்டர் மகாமண்டபத்தின் கூரையில் மிதக்கவிட்ட மேகங்களோடும், மனிதரை அரவணைத்து நிற்கிறது. ஆகவே நவீனம் என்றாலே கொடுமை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆயினும் அந்த ஆட்சேபம் முழுவதையும் ஏற்கவும் இயலவில்லை. இருபத்துநான்கு அடிக் கட்டம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அதற்கே தெரியாது. எல்லாத் திசையிலும் எல்லையின்றி விரியக்கூடியது அது. தெரு, சந்து, திண்ணை, கடைவாசல் ஆகிய எதையும் அது எதிர்பார்ப்பதில்லை. நிலம் வெறுமையாயிருந்தால்தான் அது தன் பூரண அழகைக் காட்டும். கட்டடங்கள் தெருவுக்கு முகம் கொடுக்காமல் புல்வெளியின் நடுவே பின்வாங்கி நிற்பதால், வெளியே நடப்பவனுக்கு உள்ளே நடப்பதில் பங்கில்லை. நிர்வாகிகள் விரும்பிய வெறுமைக்குக் கலைஞர்கள் கொடுத்தது கௌரவம். அதை நான் குற்றமற்றது என்று சொல்லமாட்டேன். வளாகத்துக்குத் தெற்கே அதே ஸ்டேட் தெருவின் ஓரமாக 1958ஆம் ஆண்டில் ஸ்டேட்வே கார்டன்ஸ் என்னும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளும், 1962ஆம் ஆண்டில் ராபர்ட் டெய்லர் இல்லங்களும் எழுந்தன. பின்னவை பதினாறு மாடி கொண்ட இருபத்தெட்டுக் கட்டடங்கள், இரண்டு மைல் நீளம், நான்காயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள்: புல்வெளியில் நிற்கும் தனிப்பாளங்கள் என்ற அதே சித்தாந்தம், ஆனால் மீஸின் கையும் செலவழிக்கப் பணமும் இல்லாமல். மேற்கே டான் ரயன் பெருவழி ஓர் அகழிபோல் ஓடிற்று. மின்தூக்கிகள் பழுதாகி, பராமரிப்பு அற்றுப்போய், வறுமையும் வன்முறையும் குடிகொண்ட அவ்வீடுகள் 2007ஆம் ஆண்டுக்குள் முற்றிலும் இடிக்கப்பட்டன. சேரிகளுக்கு மருந்தென்று கட்டியவற்றின் ஆயுள், மெக்காவின் ஆயுளைவிடக் குறைவு.

இனி இரண்டாவது வளாகம். யுத்தத்திலிருந்து திரும்பிய போர்வீரர்களுக்காக 1946ஆம் ஆண்டில் ஏரிக்கரைத் துறைமேடையொன்றில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலை ஈராண்டுக் கலாசாலை ஒன்றைத் தொடங்கிற்று. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்க வசதியற்ற தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுவே கதி. அதை நான்காண்டுப் பட்டம் தரும் நிலையான வளாகமாக்கவேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. மேயர் ரிச்சர்ட் டேலி 1961ஆம் ஆண்டில் அதற்குக் காட்டிய இடம் ஹாரிசன், ஹால்ஸ்டெட் தெருக்கள் கூடும் பேட்டை. இத்தாலியர், கிரேக்கர், மெக்சிக்கர், கறுப்பினத்தவர் கலந்து வாழ்ந்த இடம். பிற்காலத்தில் சமாதான நோபல் பரிசு பெற்ற ஜேன் ஆடம்ஸ், ஏழைக் குடியேறிகளுக்கென்று எல்லன் ஸ்டாரோடு சேர்ந்து 1889ஆம் ஆண்டில் நிறுவிய ஹல் இல்லம் அங்கேதான் பதின்மூன்று கட்டடங்களாக வளர்ந்திருந்தது. அப்பேட்டை புதிய வீடுகளோடு சீரமைக்கப்படும் என்று முன்னர் நகராட்சி வாக்களித்திருந்தது. அவ்வாக்கை நம்பி ஜனங்கள் தம் வீடுகளுக்குப் பணம் செலவிட்டிருந்தனர். பெருவழிக்காக இடம் பெயர்ந்த ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் 1959ஆம் ஆண்டில் புதிதாகக் கட்டப்பட்டு, நான்காண்டுகளில் சர்வகலாசாலைக்காக மறுபடி இடிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் தையற்காரர் ஒருவரின் மகளான புளோரன்ஸ் ஸ்காலா. ஹல் இல்லத்தில் சிறுவயதில் பயின்றவர். அவரும், ஜேன் ஆடம்ஸின் காலந்தொட்டு ஹல் இல்லத்தில் வாழ்ந்த முதியவரான ஜெஸ்ஸி பின்ஃபோர்டும், அப்பேட்டையின் தாய்மார்களும் மேயரின் அலுவலகத்தில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1963ஆம் ஆண்டில் தோற்றது. சுமார் எட்டாயிரம் பேரும் அறுநூற்றுக்கு மேற்பட்ட கடைகளும் அகற்றப்பட்டதாகக் கணக்கிடுவர். ஹல் இல்லத்தில் மூல மாளிகையும் போஜன மண்டபமும் மட்டுமே விடப்பட்டன. ஸ்டட்ஸ் டெர்க்கல் 1967ஆம் ஆண்டில் சிகாகோ மக்களின் வாய்மொழிகளைத் தொகுத்து வெளியிட்ட நூலை ஸ்காலாவின் குரலோடுதான் தொடங்கினார். இவ்வழக்கில் என் மனம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது கடினமாயிருக்கிறது: வெளியேற்றப்பட்டோரும், அங்கே பின்னர் படிக்க வந்தோரும் ஒரே வர்க்கத்தினர், பலர் ஒரே வீதியினர்கூட.

1965ஆம் ஆண்டில் திறந்த அவ்வளாகத்தை வகுத்தவர் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ், மெரில் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் நெட்ச். குளத்தில் கல்லெறிந்தால் விரியும் அலைவட்டம் என்று அவரே தம் திட்டத்தை விளக்கினார். நடுவே விரிவுரைக் கூடங்கள், அவற்றின் கூரையே திறந்தவெளி அரங்கு, அதைச் சுற்றி வகுப்பறைகள், அப்பால் ஆராய்ச்சிச்சாலைகள். இருபத்தெட்டு மாடி நிர்வாகக் கோபுரம் மேலே செல்லச்செல்ல அகன்றது. யாவற்றையும் இணைத்து, தரைக்கு மேலே ஒரு மாடி உயரத்தில் கருங்கற் பலகைகளாலான நடைபாலங்கள் ரயில் நிலையத்திலிருந்து வரும் மாணவர் திரளை நேரே நடு அரங்குக்குக் கொணர்ந்தன. வரைபடத்தில் இதைவிட உன்னதமான கற்பனை அரிது. ஏதென்ஸ் நகரத்து அவைக்களம் நினைவுக்கு வரும்.

அனுபவத்தில் நேர்ந்தது வேறு. சிகாகோவின் குளிர்காற்றில் பனி உறைந்த பாலத்தின்மீது நடக்க எவருக்கும் மனமில்லை. தரையில் வண்டிகள் ஓடினாலல்லவா மேலே ஏறி நடக்கவேண்டும்? வளாகத்துக்குள் வண்டியே கிடையாது. பாலங்களின் அடியில் நிரந்தர இருள். இணைப்புகளின் வழியே நீர் ஒழுகிற்று. பனி கரைக்கத் தூவிய உப்பு காங்கிரீட்டை அரித்தது. வெளியே, எஞ்சிய பேட்டையை நோக்கி, நீண்ட செங்கற் சுவர்கள். வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிவரும் மாணவர்கள் வகுப்பு முடிந்ததும் போய்விட்டனர். தங்குவதற்குக் காரணமாயிருந்திருக்கக்கூடிய ரொட்டிக்கடைகளும் காப்பிக்கடைகளும் நிறைந்த தெருக்கள், வளாகத்துக்கு இடம்விட்டு அழிந்தவையே. 1990களில் பாலங்களும் நடு அரங்கும் இடித்து எடுக்கப்பட்டன. நெட்ச் அப்போது உயிரோடிருந்தார். தம் கருத்து சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்றே கருதினார். பராமரிப்புக் குறைவு உண்மைதான். ஆயினும், தரையில் நடக்கும் மனிதனை மேலே ஏற்றியது முதற்பிழை என்பது என் அபிப்பிராயம்.

முதலாவது வளாகத்துக்கு வருகிறேன். 2003ஆம் ஆண்டில் அங்கே ரெம் கூல்ஹாஸ் என்னும் டச்சுக் கட்டடக்கலைஞர் மாணவர் மையம் ஒன்றைக் கட்டினார். வளாகத்தின் குறுக்கே உயர்த்திய தண்டவாளத்தில் மின்ரயில் ஓடுகிறது. அதன் இரைச்சலுக்கு அஞ்சி எல்லோரும் விலகி நின்ற நிலத்தையே அவர் வேண்டிப்பெற்று, ரயிலை ஐந்நூறு அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள உலோகக் குழாய்க்குள் புகுத்தி, அதன் அடியில் கட்டடத்தைச் செருகினார். மாணவர்கள் வெற்றுநிலத்தின் குறுக்கே நடந்து நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதைகளை அளந்து, அவற்றையே கட்டடத்தின் உள்வீதிகளாக்கினார். மீஸ் கட்டிய உணவுச்சாலையொன்றைத் தன்னுள் விழுங்கிக்கொள்கிறது என்று பலர் சினந்தனர். எனக்கு அதன் ஆரஞ்சு வர்ணமும் சாய்ந்த கூரையும் முழுவதும் உவப்பானவை அல்ல. ஆனால் ஜனங்கள் ஏற்கெனவே நடந்த வழியைக் கேட்டு வரையப்பட்ட கட்டடம் அவ்வளாகத்தில் அதுவே முதலாவது என்று நினைக்கிறேன். அக்காரணத்தால் அதை மதிக்கிறேன்.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிரவுன் மண்டபம் மகத்தான கட்டடம். 2001ஆம் ஆண்டில் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக்கப்பட்டது முற்றிலும் தகும். மீஸின் வளாகம் மனிதரைக் கற்கத் தூண்டும் இடமாக வெற்றி பெற்றது. நெட்சின் வளாகம் அதிலும் தோற்றது. ஆனால் அண்டை அயலார்க்குச் செய்ததில் இரண்டும் ஒன்றே. 2018ஆம் ஆண்டில் கிரவுன் மண்டபத்தின் அருகே மராமத்துக்காகத் தோண்டியபோது மெக்காவின் தரையோடுகள் அகப்பட்டன. புத்தகங்கள் விட்டுவிட்டதை நிலம் வைத்திருந்தது.

நம் கலாசாலைகளிலும் கட்டடக்கலை மாணவர்களுக்குக் கிரவுன் மண்டபத்தின் தரைப்படத்தைத் தவறாமல் கற்பிக்கிறோம். கற்பிக்கும் ஆசிரியர்களை இச்சபையின் வாயிலாக ஒன்று வேண்டிக்கொள்கிறேன்: அதனருகே, அதே அளவுகோலில், மெக்காவின் தரைப்படத்தையும் வரைந்து மாட்டுங்கள், முற்றங்கள் எங்கே, கதவுகள் எங்கே, படிகள் எங்கே என்று மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே அளந்து பார்க்கட்டும்.